முன்னால் போன சேலை

பிற்பகல் நான்கு பத்து. முதலில் கண்ணில் பட்டவை முதுகுகள். பேருந்தின் பின்படியில் ஏறி நின்று பார்த்தபோது, இருக்கைகளுக்கு மேலே அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிச் சேலைகள் வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் ஒரே நிறம், ஒரே கரை. எண்ணினேன், பத்து. என் குழுவில் பெண்கள் பத்துப் பேர். ஆண்கள் நால்வரும் முன்வரிசையில் இருந்தார்கள். உள்ளூர் வழிகாட்டி முன்படியிலிருந்து தனியாக எண்ணிவிட்டு, "பத்தும் நாலும் சரி அக்கா, வெளிக்கிடுவமா?" என்று கேட்டார். இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர் அது. கப்பல் ஐந்தரைக்குக் கிளம்பும். ஏறும் படிக்கட்டை ஐந்து மணிக்கே எடுத்துவிடுவார்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தது. அப்படியும் நான் பேருந்தைக் கிளப்பச் சொல்லவில்லை.

கப்பல் பயணத்துக்குக் குழுக்களை அழைத்துப் போகத் தொடங்கியிருக்கும் உங்களுக்காக, செலவைக் கட்டுப்படுத்துவது பற்றியும் சுகமாக இருப்பது பற்றியும் சில குறிப்புகள் எழுதித் தரும்படி நம் திண்டுக்கல் அலுவலகத்தில் கேட்டார்கள். நான் ஓய்வு பெறும் வரை பயணிகளுக்கு வாயால் சொல்லிவந்த யோசனைகள்தான் அவை. அவற்றில் இரண்டை அந்த நான்கு பத்துக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். ஆகவே யோசனைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிக்கெட் வாங்கியதோடு செலவு முடிந்தது என்று நினைத்துத்தான் நம் ஊர்க்காரர்கள் கப்பலில் ஏறுகிறார்கள். கப்பலுக்குள் ரூபாய் நோட்டுக்கு வேலை இல்லை. ஏறும்போது கையில் ஓர் அட்டை தருவார்கள். அறைச் சாவியும் அதுதான், பணப்பையும் அதுதான். அதை நீட்டுகிறபோது பணம் போவது தெரியாது. இறங்கும் நாள் காலையில் கதவுக்கு அடியில் பில் வரும்போதுதான் தெரியும். எனவே முதல் நாளே வரவேற்பு மேசைக்குப் போய், இந்த அட்டையில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லி வரம்பு போட்டுவிடுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் சேவைக் கட்டணம் சேரும் என்பதைத் திண்டுக்கல்லிலேயே சொல்லிவிடுங்கள். கடல் நடுவில் வைத்துச் சொன்னால் சண்டை வரும்.

பெரிய உணவுக்கூடத்தில் சாப்பாடு டிக்கெட்டிலேயே அடங்கும். தனிப் பெயர் போட்டு, வாசலில் பூ வைத்திருக்கும் சிறிய உணவகங்களில் நாற்காலிக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. டீயும் மோரும் மட்டும் குடிப்பவர்களுக்கு, குளிர்பானம் மதுவுக்கெல்லாம் மொத்தமாக முன்பணம் கட்டும் பானப் பொதி வாங்கிக் கொடுக்காதீர்கள். புகைப்படக்காரர்கள் எங்கே பார்த்தாலும் நிற்பார்கள். சிரித்து நிற்பதற்குக் காசு இல்லை, படத்தைக் கையில் வாங்கினால்தான் காசு. மின்சாரப் பாத்திரம் எதையும் விடமாட்டார்கள். ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரி ஒருவரின் குக்கரைச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டபோது, "ஏனுங்க, வெடியால ஒரு சொம்பு கஞ்சி வெக்கறக்குத்தானுங்க, கப்பலையா ஓட்டப் போறனுங்க?" என்று அவர் காவலரிடம் நெடுநேரம் வாதாடினார். காவலர் நேபாளி. இருவரும் கடைசியில் கைகுலுக்கிக்கொண்டார்கள். குக்கர் வரவில்லை.

கரை மறைந்ததும் அலைபேசி கப்பலின் சொந்த சிக்னல் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். நாம் பேசாமல் இருந்தாலும் அது பேசும். செம்பட்டிக்காரர் ஒருவர் பில்லைப் பார்த்துவிட்டு, "சட்டப் பையில சும்மா கெடந்துச்சுக்கா. அது பாட்டுக்கு யாருகூடப் பேசுச்சாம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து எல்லா அலைபேசிகளையும் சிக்னல் எடுக்காதபடி ஃப்ளைட் மோடில், அதாவது விமானநிலையில், வைக்கச் சொல்லிவந்தேன். இது நான் மாற்றிக்கொண்ட முதல் யோசனை.

ஊர்சுற்றிப் பார்க்கக் கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் பேருந்து விலை அதிகம். வெளியில் நாமே பேசி அமர்த்தும் பேருந்து பாதிக்கும் குறைவு. ஒரு வேறுபாடு உண்டு: அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நம் பேருந்துக்குக் காத்திருக்காது. அன்று கோயிலும் கடைத்தெருவும் பார்க்க நாங்கள் வெளிப் பேருந்தில்தான் போயிருந்தோம்.

குழு என்றால் அது ஒரே குடும்பம். சின்னாளபட்டியில் தறி வைத்திருப்பவர்கள். குடும்பத்துக்குத் தலைவி நாகம்மாள், எழுபதைத் தாண்டியவர். நாங்கள் வழக்கமாக எல்லோருக்கும் தொப்பி கொடுப்போம், கூட்டத்தில் தெரிவதற்காக. அவர் தொப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதப் போட்டா நாங்க பெட்ரோல் பங்குல நிக்கிற மாதிரி இருக்கும் தாயி. நாங்களே ஒண்ணு நெய்யிறோம்" என்றார். நெய்தார்கள். அரக்கில் வெள்ளைப் புள்ளி வைத்த சுங்குடி.

புள்ளி விழ வேண்டிய இடங்களில் நூலால் முடிச்சுப் போட்டுத்தான் சுங்குடியைச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்க்காமலே மடித்து வைப்பார்கள். கட்டப்போகிறபோது இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் தெறித்துச் சேலை விரியும். அதுவரை அது உடம்பெல்லாம் சுருக்கமாக, முறுக்கிக்கொண்டு கிடக்கும். திண்டுக்கல்லில் வேன் ஏறிய காலையில், வண்டிக்குள்ளேயே நாகம்மாள் சேலைகளை எடுத்துக் கொடுத்தார். பத்துப் பேருக்கும் கொடுத்த பிறகு பெட்டியில் ஒன்று மிச்சம் இருந்தது.

"இது யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுச் சின்னப் பொண்ணுக்கு."

எனக்குக் கவலை வந்தது. பட்டியலில் இல்லாத ஆளைத் துறைமுகத்தில் ஏற்ற முடியாது. "அவங்க பேரு டிக்கெட்ல இல்லையே?"

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பெரிய மருமகள் சித்ரா, "அவ டிக்கெட் இல்லாமத்தான் வருவாக்கா. பஸ்ஸுக்கே எடுத்ததில்ல" என்றாள். நாகம்மாள் சிரிக்கவில்லை. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண் அது. வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். குடும்பத்துப் பெண்களுக்கு எப்போது மொத்தமாகச் சேலை எடுத்தாலும் அவளுக்கும் ஒன்று எடுக்காமல் யாரும் உடுத்துவதில்லை என்று நாகம்மாளே விளக்கினார். "அவளும் கடலப் பாத்ததில்ல தாயி. பெட்டியோட வரட்டும்னு எடுத்தாந்தேன்."

நாளிதழில் பல வருடம் நிருபராக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். வீட்டுச்சாமிக்குச் சேலை வைக்கும் வழக்கம் பற்றி எழுதியும் இருக்கிறேன். எனவே அதோடு விட்டுவிட்டேன்.

கப்பலில் முதல் நாள் சாப்பாட்டுக்கு நீள மேசையில் உட்கார்ந்தபோது அவர்கள் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டார்கள். பெரிய கூடத்தில் அதைக் கேட்பார் இல்லை. அடுத்த நாள் நாகம்மாளின் மகன் முருகேசன், எல்லோரையும் பூ வைத்த சிறிய உணவகத்துக்கு அழைத்துப் போனார். அங்கேயும் ஒரு நாற்காலி காலி. பரிமாறுகிறவர் அங்கேயும் தட்டு வைத்து, தண்ணீர் ஊற்றி, கடைசியில் அதற்கும் சேர்த்துக் கட்டணம் போட்டார். முருகேசன் என்னைக் கூப்பிட்டார். "வராத ஆளுக்கெல்லாம் துட்டு கேக்குறான்க்கா. நீங்க சொல்லுங்க." நான் போய் மேலாளரிடம் பேசினேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, தட்டருகே இருந்த தண்ணீர்க் குவளை காலியாக இருப்பதைக் காட்டினார். குழந்தைகள் யாராவது குடித்திருக்கலாம் என்றேன். இந்தக் குழுவில் குழந்தைகள் இல்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தக் கட்டணத்தை நீக்கிவிட்டார்கள்.

இனி சுதா. நாகம்மாளின் இளைய மருமகள். குஜிலியம்பாறைப் பக்கத்தில் மானாவாரி நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பெண். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்து வளர்ந்தவள், நீச்சல் தெரியாது. கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. கணவனுக்கு மில்லில் விடுப்புக் கிடைக்காததால் மாமியாரோடு வந்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். எங்கே போனாலும் மாமியாருக்கு இரண்டடி பின்னால் நடப்பாள். அந்த வீட்டில் புது மருமகள் முன்னால் நடப்பதில்லை. கப்பலின் தாழ்வாரங்களில்கூட அப்படித்தான்; நாகம்மாள் வழி தவறினால் அவளும் தவறுவாள். சித்ரா கேலி செய்வாள்: "ஏண்டி சுதா, அத்த கழிப்பறைக்குள்ள போனாலும் பின்னாலயே போயிருவ போலருக்கே."

மாமியாருக்கும் மருமகளுக்கும் கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத அறை. விலை குறைவு; ஆட்டமும் குறைவு. ஆனால் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. அப்படிப்பட்ட அறை எடுப்பவர்களுக்கு, கப்பல் முகப்பைக் காட்டும் ஒளிபரப்பைத் தொலைக்காட்சியில் சத்தம் இல்லாமல் ஓடவிடச் சொல்லுங்கள், விடிவது தெரியும். துறைமுகத்துக்கு வந்த காலையில் சிற்றுண்டி எடுக்கும் வரிசையில் சுதா என் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, எங்க ரூமுக்குப் பக்கத்துல கெணறு மாதிரி எதுவும் இருக்கா?"

"கப்பல்ல ஏதும்மா கெணறு?"

"தண்ணி எறைக்கிற சத்தம் கேக்குது. உருளை சுத்துற மாதிரி. வாளி மோதுற மாதிரி. அத்தைக்குக் கேக்கலையாம்."

கீழ்த்தளத்தில் நீரேற்றும் இயந்திரங்கள் இருக்கும், குழாய்ச் சத்தம் வரும், அதனால்தான் அந்த அறைகள் மலிவு என்று சொன்னேன். அது உண்மையும்கூட. அவள் தலையாட்டினாள். தட்டில் இரண்டு இட்லி வைத்திருந்தாள். இரண்டையும் அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

பேருந்துக்கு வருகிறேன். நாளிதழில் என் மேலிருந்த செய்திப் பொறுப்பாளரிடம் ஒருமுறை, வத்தலக்குண்டு சாலையில் நடந்த விபத்து பற்றித் தொலைபேசியில் எண்ணிக்கை சொன்னேன். அவர், "பேரு?" என்றார். இன்னும் தெரியாது என்றேன். "அப்ப உனக்கு எதுவுமே தெரியாது. நம்பரை யாரு வேணாலும் சொல்லுவான். பேரக் கேட்டாத்தான் தப்பு வெளிய வரும்" என்று வைத்துவிட்டார். நான் சொன்ன எண்ணிக்கை தப்பாக இருந்தது. அதிலிருந்து நான் தலைகளை எண்ணி நிறுத்துவதில்லை. எண்ணிய பிறகு பெயரைக் கூப்பிடுவேன்; பதில் சொல்கிற முகத்தைப் பார்ப்பேன்.

பெண்களின் பெயர்களைக் கூப்பிட்டேன். ஒன்பது குரல்கள் வந்தன. சுதாவின் பெயருக்குப் பதில் இல்லை. பின்னாலிருந்து முன்னால் வரை ஒவ்வொரு தோளையும் தொட்டுக்கொண்டே நடந்தேன். ஒன்பது பேர். திரும்பிப் பின்படிக்குப் போய் மறுபடியும் முதுகுகளை எண்ணினேன். ஒன்பது. வழிகாட்டியும் எண்ணினார். அவர் முகம் மாறிவிட்டது. "பத்து இருந்ததக்கா. நான் வடிவா எண்ணினனான்" என்றார். நானும் அவரும் வெவ்வேறு படியில் நின்று, வெவ்வேறு திசையிலிருந்து எண்ணியிருந்தோம். இருவருமே தப்பாக எண்ணியிருக்கலாம். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உடனே பேருந்துக்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முருகேசன் படியில் இறங்கி, "நான் கடைத்தெருவுக்கு ஓடுறேன், சித்ரா நீ கோயில் பக்கம் போ" என்று ஆள் அனுப்பத் தொடங்கினார். இங்கேதான் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். ஒருவர் காணாமல் போனால், தேடக் கிளம்புகிறவர்களை முதலில் உட்கார வையுங்கள். இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் ஐந்து பேரைத் தேட வேண்டியிருக்கும். "யாரும் இறங்கக் கூடாது. பஸ் இப்பக் கப்பலுக்குப் போகும். நான் இங்க இருக்கேன். அவளோடதான் வருவேன்" என்றேன்.

"கப்பல் போயிருச்சுன்னா?" என்றார் முருகேசன்.

"நானும் அவளும் கரையில இருப்போம். நீங்க பதிமூணு பேரும் கரையில நிக்கிறதுக்கு அது தேவல."

அவளிடம் கடவுச்சீட்டு இல்லை. அது கப்பல் அலுவலகத்தில் இருந்தது. அலைபேசி இருந்தது. நான் சொன்னபடி விமானநிலையில் இருந்தது. என் அலைபேசியில் கூப்பிட்டால் கிடைக்கவில்லை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எங்கே போனாள் என்று கேட்கவில்லை; அது யாருக்கும் தெரியாது. "கடைசியா அவ யார் பின்னால நடந்தா?"

"எம் பின்னாலதான்" என்றார் நாகம்மாள். "கோயில்ல இருந்து வெளிய வந்தோம். செருப்பு வாரு மாட்டணும்னு குனிஞ்சா. எந்திரிச்சு வந்துருவான்னு நான் நடந்தேன்." அவர் தன் முந்தானையைத் தூக்கிக் காட்டினார். "எஞ்சேலையப் பாத்துக்கிட்டேதான தாயி வருவா. வேற எங்க போவா?"

பேருந்து போனது. கோயில் வாசலுக்கு நடந்தேன். ஓடவில்லை, ஓடுகிறவருக்கு யாரும் நிதானமாகப் பதில் சொல்வதில்லை. வாசலுக்கு எதிரே செவ்விளநீர் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், காலையில் எடுத்த குழுப்படத்தைக் காட்டி, இந்தச் சேலையில் யாராவது தனியாகப் போனார்களா என்று கேட்டேன்.

"தனிய இல்லை" என்றாள். "ரெண்டு பேர் போனவை. முன்னுக்கு ஒராள், பின்னுக்கு ஒராள்." பேருந்து நின்ற திசைக்கு எதிர்த் திசையில், கடல் பக்கம் கையைக் காட்டினாள்.

ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. நம் ஆள் ஒருத்தி கூட இருக்கிறாள், பரவாயில்லை என்று தோன்றியது. நான்கு அடி நடந்த பிறகுதான், மற்ற ஒன்பது பேரின் தோளையும் நானே தொட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

தெரு அலைத்தடுப்புச் சுவரில் போய் முடிந்தது. பெரிய கருங்கற்களைக் கடலுக்குள் நீளமாகக் கொட்டி அமைத்த தடுப்பு. வாசலில் ஆளுயரக் கம்பிவலைக் கதவு, அதில் பூட்டு. இரு பக்கமும் வேலி தண்ணீர் வரை இறங்கியிருந்தது. காவலர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அங்கால போக ஏலாது அக்கா. கடல் கொந்தளிப்பு. காலமையிலிருந்து பூட்டித்தான் கிடக்கு. ஒருத்தரையும் விடேல்லை."

கதவு வழியாகப் பார்த்தேன். தடுப்பின் கடைசியில், வெயில் முதுகில் அடிக்க, அரக்கு நிறத்தில் ஓர் உருவம் நின்றது. ஒன்றுதான். அலை வந்து விழும்போது முழங்கால் வரை வெள்ளையாக மூடி, பிறகு வடிந்தது. அவள் அசையவில்லை. கடலைப் பார்த்து நின்றாள்.

நான் காட்டினேன். காவலர் எழுந்து பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார். பூட்டு உப்பேறியிருந்தது, திறக்க நேரம் பிடித்தது. அவர் வாயில் விசிலை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

இதை நீங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரக்கல்லில் நிற்பவளைப் பின்னாலிருந்து கத்திக் கூப்பிட்டால் உடம்பு திடுக்கிட்டுத் திரும்பும், கால் திரும்பாது. எச்சரிக்கையும் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவள் நமக்கு உதவ வேண்டிய நிலையை உண்டாக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்களின் மேல் நடந்தேன். குரல் எட்டும் தூரம் வந்ததும், அங்கேயே உட்கார்ந்துகொண்டு, வீட்டுக் கொல்லையில் பேசுவதுபோல் சலிப்போடு சொன்னேன்.

"யம்மா, எனக்குக் காலு வழுக்குது. எந்திரிக்க முடியல. செத்த கையக் குடு."

அலைச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ. இன்னொரு முறை, அதே சலிப்போடு சொன்னேன். அவள் தலை மெதுவாகத் திரும்பியது. என்னைப் பார்த்தாள். பிறகு கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து, கல் கல்லாக என்னிடம் வந்தாள். கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன், அதற்குப் பிறகு விடவில்லை.

"அக்கா, அத்தைய நிக்கச் சொல்லுங்க" என்றாள். "கூப்புடக் கூப்புட நிக்காமப் போறாங்க." மறு கையால் கடலைக் காட்டினாள். அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது.

"அத்த பஸ்ஸுல போயிட்டாங்கம்மா."

"இல்லக்கா. இந்தா இப்பத்தான..." நிறுத்திவிட்டாள். கரையை நோக்கி நடக்கத் தொடங்கிய பிறகு, தனக்குள் பேசுவதுபோல் சொன்னாள்: "சேல விரியவே இல்லக்கா. முடிச்சோட, சுருக்கு சுருக்கா இருந்துச்சு. காலைல நானும் அத்தையும் சேர்ந்துதான அவுக சேலைய இழுத்து விட்டோம்? இழுக்காம எப்பிடிக் கட்டுனாங்கன்னு நெனச்சுக்கிட்டே பின்னால வந்தேன்."

"இந்தக் கதவத் தாண்டி எப்பிடிம்மா வந்த?"

அவள் கதவைப் பார்த்தாள். அதை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

காவலர் ஒரு ஆட்டோவை நிறுத்திக் கொடுத்தார். உள்ளூர்ப் பணம் கொஞ்சம் எப்போதும் கையில் வைத்திருங்கள்; கப்பல் அட்டை ஆட்டோவில் செல்லாது. படிக்கட்டின் மேல் நின்ற அதிகாரி எங்களைப் பார்த்ததும் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நாங்கள் ஏறியதும் படிக்கட்டைத் தூக்கினார்கள்.

அன்று மாலை சுதா சாப்பிட வரவில்லை. சித்ரா தன் அறைக்கு அழைத்துப் போய் வைத்துக்கொண்டாள். கேலி ஏதும் செய்யவில்லை. மறுநாள் காலை, மேல்தளத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, நாகம்மாள் என்னைத் தேடி வந்தார். அரக்குச் சேலையை மாற்றிவிட்டிருந்தார்.

"அந்த மிச்சச் சேலைய நான் பாக்கலாமாம்மா?" என்று கேட்டேன். பழைய தொழில் பழக்கம். சொன்னதை நேரில் பார்க்காமல் இருக்க முடியாது. அவர் மடியிலேயே கொண்டுவந்திருந்தார். சேலை முடிச்சுகளோடு, பிரிக்காத மடிப்போடு இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. உப்பு இல்லை.

அவர் சேலையை வாங்கிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி கேட்டார். "சுதாவப் பேரச் சொல்லிக் கூப்புட்டியா தாயி?"

"இல்லம்மா. காலு வழுக்குது, கையக் குடுன்னேன்."

"நல்லவேள." சேலையை மடியில் வைத்து மடிப்பை நீவினார். பிறகு சொன்னார். "அவ எம் நாத்தனா. பதினாறு வயசு. நான் வாக்கப்பட்டு வந்த புதுசு. எங்க மாமியா ரெண்டு பேத்துக்கும் ஒரே மாதிரி சேல குடுத்தாக. சாய நூல் அலசக் கெணத்துக்குப் போனோம். படி பூராப் பாசி. அவ முன்னால எறங்குறா, நான் பின்னால. அடிப்படிக்குப் போயிட்டா. எனக்குப் பயம் வந்துருச்சு. பேரச் சொல்லிக் கத்துனேன். அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பாத்தா; திரும்புனதுலதான் விழுந்தா."

"வீட்டுல தெரியுமா?"

"வழுக்கி விழுந்தான்னு தெரியும்" என்றார்.

அந்தப் பெயரை அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை என்றார். கும்பிடும்போதும் "சின்னப் பொண்ணு" என்றுதான் சொல்வார்களாம். நான் பெயரைக் கேட்கவில்லை. வாழ்க்கையில் பெயரைக் கேட்காமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

இனி, மாற்றிக்கொண்ட இரண்டு யோசனைகள். செலவானாலும் பரவாயில்லை, குடும்பத்துக்கு ஓர் அலைபேசியாவது வேலை செய்யும்படி, வெளிநாட்டு ரோமிங் பொதி போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கப்பல் கோபுரத்தைப் பிடிக்காமல் இருக்கக் கடலில் அணைத்துவிட்டு, கரையில் இறங்கியதும் போட்டுக்கொள்ளட்டும். இரண்டாவது, குழுவில் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தொப்பியோ உடையோ வேண்டாம். பின்னாலிருந்து பார்த்தாலும் இன்னார் என்று தெரியும்படி ஆளுக்கொரு நிறத்தில் உடுத்தட்டும். வெளிப் பேருந்து எடுத்தால், கப்பல் சொல்லும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் திரும்பிவிடுங்கள். இது பழைய யோசனைதான், அழுத்திச் சொல்கிறேன். மற்றதெல்லாம் முன்பு சொன்னபடிதான். டீயும் மோரும் குடிப்பவருக்குப் பானப் பொதி வேண்டாம்.

அந்தக் குடும்பத்தைச் சென்ற மாதம் திண்டுக்கல் கடைவீதியில் பார்த்தேன். ஜவுளிக்கடை வாசலில் நல்ல கூட்டம். சுதா பச்சைச் சேலையில் எல்லோருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். மாமியார் அவளுடைய முந்தானை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இரண்டடி பின்னால் வந்தார்.